கைக்கெட்டும் தூரம்

பாராசூட் விரியவில்லை.

வலப்பக்கம் திரும்பிப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை.

தானாக விரியாவிட்டால் கையால் இழுக்க ஒரு கைப்பிடி உண்டு. சிவப்பு நிறம். அவள் இருக்கையை ஒட்டிய சுவரில் இருந்தது.

"இழு" என்றார் நடு இருக்கையில் இருந்த கமாண்டர்.

நிலாவில் இறங்கி, நல்லபடியாகத் திரும்பி, வீட்டு வாசல் வரை வந்தாயிற்று. கீழே வங்காள விரிகுடா. கலம் கல்லைப் போல விழுந்துகொண்டிருந்தது. மூன்று பேரின் உயிரும் அவள் கையில்.

அவளுக்கு மட்டும் ஒரு விஷயம் தெரியும்.

அந்தக் கைப்பிடி அவளுக்கு எட்டாது.

*

பள்ளிப் பிரார்த்தனை வரிசையில் என்றைக்கும் அவள்தான் முதல் ஆள். இந்தப் பயணத்துக்கு வேண்டிய உயரத்தையும் மயிரிழையில்தான் தாண்டியிருந்தாள்.

கலம் வெறும் ஒட்டுப்பலகையில் செய்த மாதிரி வடிவமாக இருந்த காலத்தில், ஒவ்வொருவரையும் அதில் உட்காரவைத்துப் பார்த்தார்கள். வடிவமைப்புக்குப் பொறுப்பு தாணுமாலயன். ஒரு திருகாணி கூடினாலும் சண்டைக்கு வருகிற மனிதர். கமாண்டர் கொண்டுபோக ஆசைப்பட்ட சுண்டுவிரல் அளவு பிள்ளையாரை எடைபோட்டுப் பார்த்துவிட்டு, "இவரு இங்கயே இருந்து காப்பாத்தட்டும்" என்று திருப்பிக் கொடுத்தவர்.

அன்று அவளிடம் கேட்டார்.

"எட்டுதாம்மா?"

அவள் தோள்பட்டை வாரை நைசாகத் தளர்த்தினாள். முதுகை இருக்கையிலிருந்து எழுப்பி, எக்கி, விரல் நுனியால் கைப்பிடியைத் தொட்டாள்.

"எட்டுது சார்."

எட்டவில்லை என்றால் அந்த இருக்கைக்கு வேறு ஆள் வந்துவிடுவார். அதற்காகத்தான் அந்தப் பொய்.

அவர் தன் ஏட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

உண்மையான கலத்தில் அந்தக் கைப்பிடிக்கு முத்திரைக் கம்பி போட்டிருந்தார்கள். ஆபத்து வந்தால் ஒழிய யாரும் தொடக் கூடாது. அவளுக்கு அது பெரிய நிம்மதி. போகும்போதும் வரும்போதும் அந்தப் பக்கம் பார்க்காமலே காலத்தை ஓட்டினாள்.

*

இப்போது வார்கள் இறுகிப் பூட்டிக்கொண்டிருந்தன. அவிழ்க்க நேரமில்லை. தோள் அசையவே இல்லை.

கடவுளே, என் பொய்க்கு இவர்களைச் சாகடித்துவிடாதே.

கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினாள்.

முழங்கை நிமிர்வதற்கு முன்பே உள்ளங்கையில் ஏதோ இடித்தது.

கண்ணைத் திறந்தாள். கைப்பிடிதான். பலகை மாதிரி வடிவத்தில் சுவரோடு ஒட்டிக் கிடந்தது, இப்போது முன்னால் வந்து நின்றது. சுவருக்கும் அதற்கும் நடுவில் ஓர் அலுமினியக் கட்டை. நாலு விரல் கனம்.

ஒரு திருகாணிக்குச் சண்டை போடுகிறவர் வைத்த கட்டை.

இழுத்தாள்.

தலைக்கு மேல் ஏதோ வெடித்தது. யாரோ பிடித்து உலுக்கியது போலக் கலம் குலுங்கி நின்று, பிறகு மெல்ல ஆடியது. ஜன்னல் முழுக்க ஆரஞ்சும் வெள்ளையுமாகத் துணி விரிந்தது.

அவள் அழுதாள். பயத்தில் அழுகிறாள் என்று நினைத்து கமாண்டர் அவள் கையைத் தட்டிக்கொடுத்தார்.

*

மீட்புக் கப்பலில் அவளிடம் போனைக் கொடுத்தார்கள். கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒவ்வொருவராக வாழ்த்தினார்கள்.

கடைசியில் தாணுமாலயன் வந்தார்.

எப்படி நன்றி சொல்வது என்று அவள் வார்த்தை தேடிக்கொண்டிருந்தாள். அவர் முந்திக்கொண்டார். வாழ்த்து எல்லாம் இல்லை.

"இந்தத் தடவ முதுகு எந்திரிக்கலையேம்மா?"

"இல்ல சார்."

அவள் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

அவரும் போனை வைக்கவில்லை.