ஏழாவது மீனு

ஈஸ்வரியக்கா மறுபடியும் வந்து நின்னுச்சு. மூச்சு வாங்குது. கண்ணு வெளிய நிக்கிற ஆட்டோ மேலயே இருக்கு.

"தம்பி, ஜீப்ரா மீனு ஒண்ணு. அதே சைஸு. வெரசாக் குடு."

கலர் மீன் கடை பாண்டிமுருகனுக்குக் கையே ஓடலை. ஒரே மாசத்துல இது ஏழாவது மீனு.

அக்கா வீட்டுக்காரர் உடையப்பனுக்கு நெஞ்சுவலி வந்து ரெண்டு மாசமாச்சு. இதயத்துல ஒரு பக்கச் சதை செத்துப்போச்சு, இனி வளராதுன்னு டாக்டர் கைய விரிச்சது காரைக்குடியில பாதிப் பேருக்குத் தெரியும். இந்த ஜீப்ரா மீனுக்கு இதயத்துல ஒரு துண்டை வெட்டினாலும் ரெண்டே மாசத்துல திரும்ப வளந்துரும்னு செல்லுல வந்ததும் மீதிப் பேருக்குத் தெரியும்.

பாண்டிமுருகன் ரெண்டையும் முடிச்சுப் போட்டான். அக்கா வறுத்துக் குடுக்குது.

"கோவிச்சுக்கிறாதீக அக்கா. அதெல்லாம் இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு. மனுசனுக்கு வர எத்தன வருசமாகுமோ. வறுத்துத் தின்னா வயித்துக்குத்தான் போகும், நெஞ்சுக்கு ஏறாது. இனிமே நான் தர்றதா இல்ல."

"வறுக்கவா? கூறுகெட்டவனே."

அப்புறம்தான் விசயம் வந்துச்சு. கட்டில் பக்கத்துல ஊறுகாய் பாட்டில்ல மீனு நீந்துதாம். மாத்திரையத் தொடவே மாட்டேன்னு கெடந்த மனுசன், இது பொழச்சுக் கெடந்தா நானும் பொழைப்பேன்னு அதப் பாத்துக்கிட்டே முழுங்குறாராம். பாட்டில் மீனு நாலு நாள் தாங்கல. அவரு குளிக்கப் போற நேரம் பாத்து அக்கா ஓடியாந்து மாத்தி வச்சிருது.

"செத்துக் கெடக்கிறத ஒரு தடவ பாத்துட்டாகன்னா, மாத்திரையத் தூக்கிப் போட்ருவாகடா."

பாண்டிமுருகனுக்கு மூஞ்சிய எங்க வச்சுக்கிறதுன்னு தெரியல. கையில சிக்குனதப் புடிச்சுக் கவர்ல விட்டான். அக்கா ஆட்டோவுக்கு ஓடுச்சு.

அரைமணி நேரத்துல போன் அடிச்சுச்சு. குசுகுசுன்னு ஒரு குரல்.

"ஏப்பா, நான் உடையப்பன். அவ அடுப்படியில நிக்கிறா, அதான் மெதுவாப் பேசுறேன். மீனு மாறுறது எனக்கு ரெண்டாவதுலயே தெரியும். மீனுக்காகவா மாத்திரை முழுங்குறேன்? இவ ஓடுற ஓட்டத்துக்காக முழுங்குறேன்."

"சரிண்ணே. இப்ப நான் என்ன செய்யணும்?"

"இத்தன நாளும் ஆண் மீனாக் குடுத்துட்டு, இப்ப அவசரத்துல பொட்டையப் புடிச்சுக் குடுத்துட்டியேப்பா. வயிறு பொடச்சுக் கெடக்கு. நாளைக்கு முட்டை போட்டுச்சுன்னா, ஒண்ணும் தெரியாதவன் மாதிரி நான் எப்படிப்பா நடிக்கிறது?"