லைக் போட்ட விரல்

முதலாளியின் மச்சினன் தேர்தலில் நிற்கிறார். அவரைத் திட்டி யாரோ எழுதிய பதிவுக்குச் செண்பகவல்லி ஒரு லைக் போட்டிருந்தாள். "லைக் போட்ட வெரலுக்கு இங்க வேலை கெடையாது" என்று மேனேஜர் தண்டபாணி நேற்றே சொல்லியிருந்தார். இன்று காலை பனியன் கம்பெனி வாசலில் இருந்த வருகைப் பதிவு மெஷினில் கட்டைவிரலை வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். சிவப்புதான். சொன்னபடியே பேரை எடுத்துவிட்டார்கள் என்று நினைத்தாள்.

"தள்ளு கண்ணு, நான் வெக்கறேன்" என்றாள் பின்னால் நின்ற மாராத்தாள். அவளுக்கும் சிவப்பு.

"நீங்களுமாக்கா?"

மாராத்தாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அடுத்து கட்டிங் மாஸ்டருக்குச் சிவப்பு. அதற்கடுத்து அயர்ன்காரருக்கும் சிவப்பு. ஒவ்வொரு சிவப்புக்கும் வரிசையில் சிரிப்பு கூடிக்கொண்டே போனது. செண்பகவல்லியும் அதில் சேர்ந்துகொண்டாள்.

"என்ன கூத்து இது, நகருங்க" என்று வந்த தண்டபாணி தன் விரலை வைத்தார். சிவப்பு. அவசரமாக அந்த விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து முதலாளியின் கார் வந்து நின்றது. தானும் ஒரு தொழிலாளிதான் என்று காட்டுவதற்காகத் தினமும் விரல் வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார் அவர். எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். கட்டைவிரலை மெஷினுக்கு அருகில் கொண்டுபோனவர் ஒருகணம் அப்படியே நின்றார். பிறகு கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார்.

"ரிப்பேராத்தான் இருக்குமுங்க. நோட்டுல கையெழுத்துப் போட்டுட்டு எல்லாரும் உள்ள போங்க" என்றார் முதலாளி.