ஊதா விசிறி

புயலுக்குப் பிறகு கடலடியில் பவளம் பார்க்க ஒருவரும் வரவில்லை. அதனால்தான் தமயந்தி டீச்சர் போனில், "அந்த ஊதா விசிறிக்கு ஒண்ணும் ஆகலியே?" என்று கேட்டபோது, "ஒண்ணும் ஆகல டீச்சர், வாங்க" என்று சொல்லிவிட்டான், ஆட்களைக் கடலடிக்குக் கூட்டிப்போகும் ரெமிஜியஸ். ஆளுயரத்துக்கு விரிந்து நின்ற பவளம் அது. அலை அதை அடியோடு பெயர்த்து நொறுக்கியிருந்தது; அங்கே சாம்பல் நிறச் சிதறல்தான் மிச்சம்.

படகு கிளம்பிய பிறகுதான் டீச்சர் சொன்னார்: "கண் நரம்பு கெட்டுக்கிட்டே வருதாம்ப்பா. மொதல்ல நிறம் போகுமாம், அப்புறம் எல்லாமே. அதுக்குள்ள ஒருதரம் பாத்துடணும்னு வந்தேன்."

ரெமிஜியஸ் அவருடைய முகக்கண்ணாடிப் பட்டையை இறுக்கிவிட்டான். அவர் கையைப் பிடித்துக்கொண்டு கடலுக்குள் இறங்கினான்.

மேலே வந்ததும் டீச்சர் படகின் விளிம்பைப் பற்றிக்கொண்டு மிதந்தார்.

"விசிறிகிட்டதானே கூட்டிட்டுப் போனே?"

"ஆமா டீச்சர். அதே எடந்தான்."

"எல்லாம் சாம்பலாத் தெரிஞ்சுது." விளிம்பில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார். "இவ்வளவு சீக்கிரமாவா?"

அவன் அவருடைய முகக்கண்ணாடியைக் கழற்றி வாங்கினான். ஆவி படியாமலிருக்க எப்போதும் செய்வதுபோல், உள்ளே எச்சில் துப்பித் தேய்த்துக் கடல்நீரில் அலசினான். கண்ணாடி பளிச்சென்றுதான் இருந்தது. மறுபடியும் துப்பித் தேய்த்தான்.