ஹீட்டரில் குளிர்ந்த காற்று

எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டை நெருங்கிக்கொண்டிருந்தது.

அவன் கவனிக்கவில்லை. கண் முழுக்கச் சாலையில் இருந்தது. பக்கத்து இருக்கையில் தலையைச் சாய்த்துக் கிடந்தவள்தான் பார்த்தாள்.

"ஏங்க, எஞ்சின் சூடாகுது. ஹீட்டர ஃபுல்லா வைங்க, கொஞ்சம் சூட்ட இழுத்துக்கும்."

கோத்தகிரி மலைப்பாதை. அன்று காலையில்தான் கோவை ஆஸ்பத்திரியில், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க என்று சொல்லியிருந்தார்கள். மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை.

இவர்களும் கேட்கவில்லை.

வண்டி அவளுடையது. அதில்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கினாள். லீவு நாளில் வெளியூர்க்காரர்களைச் சுற்றிக் காட்டினாள். அவன் எப்போதாவது ஏறினால் இடப்பக்கம் உட்காருவான். உட்கார்ந்ததும் தூங்கிவிடுவான். அவள் நோயில் படுத்த பிறகுதான் ஓட்டப் பழகினான். இன்னும் ஒவ்வொரு வளைவிலும் அவள்தான் ஹாரன் அடிக்கச் சொல்ல வேண்டும்.

இப்போது இடப்பக்கம் அவள்.

ஹீட்டர் குமிழைச் சிவப்புப் பக்கம் திருகினான். காற்று வந்தது. சில்லென்று வந்தது.

அவள் கையை நீட்டி அதில் வைத்துப் பார்த்தாள்.

"உள்ள தண்ணி இல்ல. ஓரங்கட்டுங்க."

எஞ்சினின் சூட்டை வாங்கிக்கொண்டு ஓடும் தண்ணீர்தான் ஹீட்டருக்குள்ளும் வருகிறது. எஞ்சின் கொதித்து, ஹீட்டர் குளிர்ந்தால், தண்ணீர் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது. அவளுக்கு ஒரு கை நீட்டலில் அது தெரிந்துவிட்டது.

குஞ்சப்பனையைத் தாண்டி ஓர் அகலமான திருப்பத்தில் நிறுத்தினான். மேலேயிருந்து பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு ஸ்வெட்டர். மேலே சால்வை. தலையில் அவனுடைய குல்லா. அப்படியும் நடுங்கினாள். மருந்து ஏற்றத் தொடங்கியதிலிருந்தே அவளுக்குள் ஒரு குளிர் வந்து உட்கார்ந்துவிட்டது. கோவையின் சித்திரை வெயிலில் கம்பளி கேட்டாள்.

அவன் பானெட்டைத் தூக்கினான். துண்டைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனான்.

"தொடாதீங்க!"

அவ்வளவு குரல் அவளிடம் மீதி இருக்கும் என்று அவன் நினைக்கவில்லை.

"மூஞ்சியெல்லாம் வெந்துடும். ஆறட்டும்."

உள்ளே வந்து உட்கார்ந்தான். அவள் கால்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். உள்ளங்காலைத் தேய்த்தான். தேய்த்துக்கொண்டே இருந்தான்.

சூடு ஏறவில்லை.

ஒரு பஸ் கடந்து போனது. ஜன்னலோர முகங்கள் திரும்பிப் பார்த்தன.

எஞ்சின் ஆறியதும் இறங்கினான். அவள் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினாள்.

"மூடு தவமணி. பனி."

"மூடினா நான் சொல்றது உங்களுக்குக் கேக்காது."

அவள் சொல்லச் சொல்ல அவன் செய்தான். எஞ்சினிலிருந்து வண்டிக்குள் போகும் இரண்டு ரப்பர் குழாய்களையும் தொட்டுப் பார்த்தான். ஒன்று ஈரம். அதைப் பிடித்திருந்த வளையம் தளர்ந்திருந்தது. திருப்புளியால் முறுக்கினான். டிக்கியில் அவள் எப்போதோ வாங்கி வைத்திருந்த கூலன்ட் கேனை எடுத்து, ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஊற்றினான்.

"மூடிடாதீங்க. ஸ்டார்ட் பண்ணி ஹீட்டர ஓட விடுங்க. உள்ள நிக்கிற காத்து வெளிய வரணும்."

வந்தது. பெரிய குமிழியாக ஒன்று. பிறகு சின்னதாகச் சில. மட்டம் இறங்கியது. இன்னும் ஊற்றினான். மறுபடி குமிழிகள். இடைவெளி விட்டு, இடைவெளி விட்டு.

பிறகு நின்றுவிட்டது.

இன்னொன்று வருமா என்று குனிந்து பார்த்தபடியே நின்றான்.

"போதுங்க. மூடிட்டு வாங்க."

கதவைத் திறந்ததும் சூடான காற்று முகத்தில் அடித்தது. அவள் இரண்டு கைகளையும் அதில் காட்டிக்கொண்டிருந்தாள். பிறகு கன்னத்தை. பிறகு, பல மாதங்களில் முதல் தடவையாக, குல்லாவைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"அப்பாடா."

நடுக்கம் நின்றிருந்தது.

அவன் வண்டியை எடுக்கவில்லை. அவளும் எடுக்கச் சொல்லவில்லை. அவனுக்கு வேர்த்தது. சட்டை முதுகோடு ஒட்டியது. அவள் அதைப் பார்த்துவிட்டு, ஹீட்டரைக் குறைக்கக் குமிழிடம் கையைக் கொண்டுபோனாள்.

அவன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

வெளியே மரங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன.

"அந்த ரப்பர் ஓஸ் பழசாயிடுச்சு," என்றாள். "மாத்திடணும். வெறும் தண்ணி ஊத்தி ஓட்டாதீங்க. உள்ள துருப் புடிச்சு ஹீட்டர் அடைச்சுக்கும். வருசா வருசம் மழை விட்டதும், குளிர் வர்றதுக்குள்ள ஒரு தடவ எல்லாத்தையும் பாத்துடணும்."

"சரி."

"மறந்துடுவீங்க."

"நீதான் ஞாபகப்படுத்தணும்."

அவள் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே பார்க்க எதுவும் இல்லை. வெள்ளையாக இருந்தது.

திரும்பாமலே சொன்னாள்.

"நான் சொல்லணும்னு இருக்காதீங்க."

அவன் ஹேண்ட் பிரேக்கை விடுவித்தான். வண்டி மெல்ல ஏறியது.

முதல் வளைவு வந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை.

அவனே ஹாரன் அடித்தான்.