பாதிக்குப் பாதி

"பெத்த தாயை வச்சுப் பரீட்சையா? உனக்கு மூளை கீளை கழண்டுபோச்சா?"

அண்ணன் கத்தினான். தங்கை காதில் போட்டுக்கொள்ளாமல் காசைக் கையில் எடுத்தாள்.

கல்லூரியில் புள்ளியியல் சொல்லித்தருகிறவள். கடல் தாண்டி ஒரு வேலை வந்திருக்கிறது. நாளைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

"நீதானே அண்ணா சொன்னே, அம்மாவுக்கு யாரையும் தெரியல, வாராவாரம் எதுக்கு அலையறேன்னு? நிஜமாவே தெரியலைன்னா நான் கிளம்பிடறேன். தெரியுதுன்னா வேலையே வேண்டாம்."

பக்கவாதத்தில் அம்மாவுக்குப் பேச்சும் போச்சு, பார்வையும் போச்சு. யார் குரலுக்கும் தலை திரும்பும். கையைப் பிடித்தால் வலது கை சில சமயம் அழுத்தும், சில சமயம் சும்மா கிடக்கும். அவ்வளவுதான்.

"பூ விழுந்தா என் கை. தலை விழுந்தா சிஸ்டர் கை. யாரும் மூச்சு விடக் கூடாது. தெரியாதுன்னு வச்சுக்கிட்டுத்தான் ஆரம்பிக்கணும். தெரியலைன்னா, அம்மா அழுத்தறதுல பாதி என் கைக்கு, பாதி இவங்க கைக்குன்னு வரும். பாதிக்கு மேல நல்லா எகிறி எனக்கு வந்தாத்தான் தெரியுதுன்னு அர்த்தம்."

கூடவே தங்கி அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தாள். "மேடம், ஒரு விஷயம்..."

"உஷ்! பேசாதீங்க சிஸ்டர், எல்லாம் கெட்டுடும்."

வளையல், மோதிரமெல்லாம் கழற்றிவிட்டு ஆரம்பித்தார்கள். காசு விழுந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் தங்கை ஏங்கிப்போனாள். 'வாலு, வாலு' என்று நாளெல்லாம் என்னைக் கூப்பிட்ட அம்மாவின் வாய்தான் அடைத்துவிட்டது. இந்த விரலாவது என்னைத் தேடக் கூடாதா?

சாயங்காலம் கூட்டிப் பார்த்தாள். சரிபாதி.

ஆதாரம் கிடைக்கலைன்னா பொய்யின்னு ஆயிடாது என்று வகுப்பில் தொண்டை கிழியச் சொல்கிறவள்தான். தன் அம்மா விஷயத்தில் அது ஞாபகத்துக்கே வரவில்லை.

"விடுடி. இதுக்குத்தான் வேண்டாம்னேன்." பஸ் ஏற்றிவிட அண்ணன் வண்டியை எடுக்கப் போனான்.

வாசல் வரை போனவள், மறந்துவிட்ட மூக்குக்கண்ணாடிக்காகத் திரும்பி வந்தாள். கதவு லேசாகத் திறந்திருந்தது.

உள்ளே நர்ஸ், ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் அம்மாவின் கை.

"அம்மா, வாலு வந்திருக்கேன்மா. எங்க, ஆ காட்டுங்க பார்ப்போம்."

அம்மாவின் விரல்கள் அந்தக் கையை இறுக்கிப் பிடித்தன. வாய் திறந்தது.

தங்கையைப் பார்த்ததும் நர்ஸ் பதறி எழுந்தாள். "மன்னிச்சுக்குங்க மேடம்! அப்பவே சொல்ல வந்தேன். நீங்க ஊருக்குப் போயிட்டா பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பட்டினி கிடக்கறாங்க. அண்ணன் பேரைச் சொன்னாலும் திறக்கல. நீங்க வந்ததும் சொல்ற மாதிரியே சொன்னாத்தான் சாப்பிடறாங்க. அதான், மூணு வேளையும்..."

தங்கை கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்து, அம்மாவின் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

வாசலில் ஹாரன் கேட்டது. "என்னடி, பஸ்ஸுக்கு நேரமாகல?"

"வண்டியை உள்ள விடுண்ணா. நான் எங்கேயும் போகல. என் கணக்கு தப்பு."

"என்ன தப்பு?"

"அம்மாவுக்கு ரெண்டு கையுமே என் கைதான்."