தெருவைப் பார்த்த செருப்பு

மடத்துத் துறவியான அடிகள், தம்மைப் பார்க்க வந்தவர்கள் விடைபெறும் முன்பே எழுந்துபோய், அவர்களுடைய செருப்புகளைத் தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்துவிடுவார். அவர் மறைந்ததும் அவருடைய கட்டைச் செருப்பு யாருக்கு என்று சீடர்கள் இரண்டு மடமாகப் பிரிந்தார்கள். சமரசம் பேச வக்கீல் வீட்டுக்கு வந்த மூத்த சீடர் ஏகாம்பரம், கோபித்துக்கொண்டு பாதியிலேயே வெளியே வந்தார். வக்கீலின் மருமகள் அவருடைய செருப்பைத் தெருப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“யாரும்மா இப்படி வைக்கச் சொன்னது?”

“யாரும் சொல்லலைங்க. நிறைமாசத்துல ஆஸ்பத்திரிக்குப் போனப்ப, முன்னபின்ன தெரியாத ஒரு அம்மா எனக்குத் திருப்பி வச்சாங்க. அப்பலேருந்து பழக்கம்.”

“அடிகளைத் தெரியுமா?”

“எந்த அடிகள்?”

உள்ளே எதிர்மடத்துக்காரர் இன்னும் உரக்கப் பேசிக்கொண்டிருந்தார். அவருடைய செருப்பு வீட்டைப் பார்த்தே கிடந்தது. அவள் கை நீட்டுவதற்குள் ஏகாம்பரம் குனிந்தார்.