முன் வரிசை

"இன்னா டீச்சர் இது? எங்களுக்கு ஒரு ரூலு, ஆபீசர் ஊட்டுப் பொண்ணுக்கு ஒரு ரூலா?"

சுசீலா வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள். ஆவடியில் லோகநாயகி டீச்சரின் பரதநாட்டிய வகுப்பு அப்போதுதான் முடிந்திருந்தது. பிள்ளைகளை அழைத்துப்போக வந்த அம்மாக்கள் பத்துப் பதினோரு பேர், செருப்பை மாட்டுவதைக்கூட மறந்து வேடிக்கை பார்த்தார்கள்.

கூடத்துச் சுவரில் டீச்சர் கைப்பட எழுதிய அட்டை தொங்கியது. ஐந்து நிமிடம் பிந்தினால் வெளியே நிற்க வேண்டும். தலையை இறுகப் பின்னி வர வேண்டும். பெற்றோர் உள்ளே உட்காரக் கூடாது. சுசீலாவின் விரல் நேராக நாலாவது வரியில் போய்க் குத்தியது.

"'ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காதவர்களுக்கே மேடையில் முன் வரிசை.' நீங்க எழுதினதுதானே? எம் பொண்ணு வருசம் பூரா ஒரு நாளு லீவு போட்டாளா? அடைமழையில முட்டிக்கால் தண்ணியில இட்டாந்து உட்டேன். அந்த ஆபீசர் பொண்ணு நாலு நாளு வரல. அது முன்னால நிக்குது, எம் பொண்ணு கடைசில நிக்குது. நல்லா கீது நாயம்!"

சுசீலாவின் புருஷன் ரகுநாதன், ஆவடி பேக்டரியில் லேத் ஓட்டுகிறவன். பேக்டரி குவார்ட்டர்ஸில் பதவிக்குத் தக்கபடிதான் வீடு; எந்த டைப் வீடு என்று கேட்டுவிட்டுத்தான் சிலர் சிரிக்கவே சிரிப்பார்கள். பத்து வருஷமாக அதை விழுங்கிக்கொண்டு இருந்தவள் அவள். ஆண்டு விழாவில், அத்தனை ஆபீசர் பெண்டாட்டிகளுக்கும் எதிரில், தன் மகள் தாட்சாயிணி முன்னால் நின்று ஆட வேண்டும். அந்த ஒன்றைத்தான் அவள் ஆசைப்பட்டாள்.

"தாட்சாயிணி மாதிரி கவனமா ஆடற பொண்ணு என் கிளாஸ்ல வேற யாரும் இல்லைங்க" என்றாள் டீச்சர். "பின்னால நிறுத்தினதுக்கு ஒரு காரணம் இருக்கு. உள்ள வாங்க, தனியா சொல்றேன்."

"தனியா இன்னா ரகசியம்? எதுவா இருந்தாலும் இவங்க முன்னாடியே சொல்லுங்க!"

டீச்சர் வாயைத் திறந்தாள். நின்றிருந்த அம்மாக்களை ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

"எழுதிப் போட்டா அதும்படி நடக்கணும்ல?" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

"சரி" என்றாள் டீச்சர். "உங்க பொண்ணு முன் வரிசையிலயே நிக்கட்டும்."

அந்த வாரமே டீச்சர் இரண்டு தடவை குவார்ட்டர்ஸுக்கு வந்தாள். ஜன்னல் வழியே பார்த்த சுசீலா, மறுபடி மாற்றச் சொல்லிக் கெஞ்ச வருகிறாள் என்று முடிவு கட்டி, வீட்டில் இல்லை என்று பக்கத்து வீட்டில் சொல்லச் சொல்லிவிட்டாள். ஜெயித்தவளுக்கு எதற்குப் பேச்சு?

விழா அன்று சாயங்காலம் சுசீலா கல்யாணப் பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு போய் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தாள். தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரிடமும், "முன்னால நடுவுல நிக்குதே, அது எம் பொண்ணு" என்று சொல்லியாகிவிட்டது.

டேப் ரெக்கார்டரில் பாட்டு ஆரம்பித்தது. எல்லாக் கால்களும் தட்டின. தாட்சாயிணியின் கால் மட்டும் தட்டவில்லை. பக்கத்துப் பெண்ணைப் பார்த்தாள், அவசரமாகத் தட்டினாள், அதற்குள் தாளம் அடுத்த இடத்துக்குப் போய்விட்டது. திரை ஓரத்து இருட்டில் டீச்சர் நின்று கையை வீசிக் காட்டினாள், அது குழந்தைக்குத் தெரியவில்லை. கடைசியில் சபைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, பின்னால் இருப்பவர்களின் கால்களைப் பார்த்து ஆடத் தொடங்கினாள்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. முன் வரிசையில் உட்கார்ந்திருந்த ஆபீசர் வீட்டம்மாவும் சிரித்தாள். சுசீலாவுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

திரை விழுந்ததும் மேடைக்குப் பின்னால் ஓடினாள். அங்கே மூலையில் சாத்தி வைத்த தட்டிகளுக்கு நடுவே, கும்மிருட்டில், மகள் தனியாக நின்றிருந்தாள்.

"மானத்த வாங்கிட்டியேடி! அத்தினி பேரு எதிர்ல முதுகக் காட்டிக்கினு நிக்கிறியே, புத்தி எங்கடி போச்சு?" தோளைப் பிடித்து உலுக்கினாள். குழந்தை மலங்க மலங்க விழித்தது.

"அவளத் திட்டாதீங்க" என்று குறுக்கே வந்தாள் டீச்சர். "அவளுக்குக் காது கேக்கலைங்க."

"இன்னாது?"

"எனக்கே போன மாசந்தான் புரிஞ்சுது. முன்னால நிக்கறவங்க காலப் பாத்துப் பாத்தே வருஷம் பூரா ஆடியிருக்கா. அரைத் தாளம் பிசகினதில்ல. அதுக்குத்தான் பின்னால நிறுத்தினேன். பொம்பளப் பிள்ள விஷயம், அத்தன பேரு முன்னாடி எப்படிங்க போட்டு உடைக்கறது?"

"பொய்யி!" சுசீலா கத்தினாள். "ஊட்ல நா இன்னா கேட்டாலும் டக்கு டக்குனு பதில் சொல்றா. ஒயுங்கா சொல்லிக் குடுக்காம எம் பொண்ண செவிடுன்றீங்களா?"

மகள் பக்கம் திரும்பினாள்.

"நீயே சொல்லுடி. உனக்குக் காது கேக்குதா இல்லியா?"

தாட்சாயிணி அந்த இருட்டில் அம்மாவின் முகத்தையே உற்றுப் பார்த்தாள். பிறகு அவள் கையைப் பிடித்து, திரை இடுக்கில் விளக்கு விழுந்த இடத்துக்கு மெல்ல இழுத்தாள்.

"இங்க வெளிச்சத்துல நின்னு திட்டும்மா. அங்க உன் வாயி தெரியல."